மேடைக்கும் திரைக்கும் உடையும் காட்சி வடிவமைப்பும்: சேலத்திலிருந்து தொடங்குபவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நாடகமோ குறும்படமோ எடுக்கப் புறப்படும் குழுக்களில் உடையைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் கடைசி வாரத்தில்தான் எழுகிறது. கதை, நடிகர், கேமரா, இடம் எல்லாம் முடிவான பிறகு, "ஆளுக்கு ரெண்டு செட் வீட்டுலேருந்து எடுத்துட்டு வந்துடுங்க" என்று சொல்லிவிடுகிறார்கள். ஆனால், ஒரு பாத்திரம் வாயைத் திறப்பதற்கு முன்பே அவர் எந்த ஊர், என்ன வேலை, கையில் காசு உண்டா, வீட்டில் இன்று நல்ல நாளா கெட்ட நாளா என்பதையெல்லாம் பார்வையாளர் உடையிலிருந்தும் பின்னணியிலிருந்தும் படித்துக்கொண்டுவிடுகிறார். அவர் தவறாகப் படித்துவிட்டால், பிறகு எத்தனை வசனம் எழுதினாலும் அதைத் திருத்துவது கடினம்.

விளக்க வசதிக்காக ஒரு கதையை வைத்துக்கொள்வோம். ஆண்டு 1955. சேலம் அம்மாப்பேட்டையில் தறி ஓட்டும் ஒரு குடும்பத்தின் மூத்த மகன், சேர்வராயன் மலையில் ஒரு காப்பித் தோட்டத்துக்குக் கணக்குப்பிள்ளையாகப் போகிறான். இரண்டு ஆண்டுகள் கழித்து வீடு திரும்புகிறான். இதே கதையை மேடையில் நடிக்கவும் குறும்படமாக எடுக்கவும் திட்டமிருக்கிறது. பின்வரும் படிகள் அனைத்தும் இந்தக் கதையை வைத்தே சொல்லப்படுகின்றன.

முதற்படி: தூரத்தையும் வெளிச்சத்தையும் தீர்மானித்தல்

துணிக்கடைக்குப் போவதற்கு முன் இரண்டு கேள்விகளுக்கு விடை எழுதிக்கொள்ள வேண்டும். இந்த உடையை எவ்வளவு தூரத்திலிருந்து பார்க்கப்போகிறார்கள்? எந்த வெளிச்சத்தில் பார்க்கப்போகிறார்கள்? நிறம், துணியின் கனம், பூ வேலையின் அளவு, ஒப்பனையின் அடர்த்தி ஆகிய மற்ற எல்லா முடிவுகளும் இந்த இரண்டிலிருந்தே பிறக்கின்றன.

சேலம், தருமபுரிப் பக்கத்துத் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கும் தெருக்கூத்தை ஒரு வடிவமைப்பாளரின் கண்ணோடு பார்த்தால் இது உடனே விளங்கும். கல்யாண முருங்கை போன்ற எடை குறைந்த மரத்தில் செதுக்கி, கண்ணாடிச் சில்லும் ஜிகினாவும் பதித்த கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் ஆகியவை சாதாரண உடம்பைப் பெரிதாக்கிக் காட்டுகின்றன. தீவட்டியும் பின்னர் பெட்ரோமாக்ஸ் விளக்குமே வெளிச்சமாக இருந்த காலத்தில், தரையில் கடைசியாக உட்கார்ந்திருப்பவருக்கு நடிகரின் புருவ அசைவு தெரிய வழியில்லை. அகன்ற தோளும், திரும்பும்போதெல்லாம் பளிச்சிடும் கண்ணாடியும், முகம் நிறைந்த அரிதாரமும்தான் அவருக்கு எட்டும். குழுவுக்குக் குழு வழக்கம் மாறினாலும், துரியோதனனுக்குச் சிவப்பு, கிருஷ்ணனுக்குப் பச்சை அல்லது நீலம் என்ற முக வண்ணம் பாத்திரத்தை எட்டத்திலிருந்தே அடையாளம் காட்டிவிடுகிறது. இரண்டு பேர் பிடித்த திரைக்குப் பின்னால் வேடக்காரர் ஆடிப் பாடி, கிரீடத்தின் நுனியை மட்டும் முதலில் காட்டிப் பிறகு முழுதாக வெளிப்படும் முறையும் காட்சி வடிவமைப்புத்தான். வேடத்தைக் கட்டுவதோடு, அதை எந்தக் கணத்தில் காட்டுவது என்பதையும் அந்தக் கலைஞர்கள் சேர்த்தே யோசித்திருக்கிறார்கள்.

அந்தக் கட்டையை அப்படியே கட்டிக்கொண்டு கேமராவின் அண்மைக் காட்சிக்குள் வந்தால் ஒட்டிய கண்ணாடியும் பூசிய பசையும்தான் தெரியும். கேமரா நெருங்க நெருங்க, தையலின் நேர்த்தி, பொத்தான், நகத்தின் அழுக்கு ஆகியவை பெரிதாகின்றன. மேடைக்கு உருவக்கோடு, அதாவது எட்டத்தில் தெரியும் வெளிவடிவம் முக்கியம். திரைக்கு இழைநயம், அதாவது துணியின் நெசவும் பரப்பும் முக்கியம். நம் கதையில் தாயின் சேலைக் கரை மேடையில் தெரிய வேண்டுமானால் நான்கு விரல் அகலமாவது இருக்க வேண்டும். குறும்படத்தில் அரை விரல் கரையே போதும், ஆனால் அது மெய்யான பருத்திக் கரையாக இருக்க வேண்டும்.

வெளிச்சத்தின் கதை சேலத்துக்குப் புதிதன்று. டி. ஆர். சுந்தரம் 1930-களின் நடுவில் இங்கே தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவு ஏற்காட்டுச் சாலையில் இன்னும் நிற்கிறது. பி. யு. சின்னப்பா இரட்டை வேடத்தில் நடித்த 'உத்தம புத்திரன்' 1940-ல் அங்கிருந்து வந்தது. முகம் ஒன்றாகவே இருக்கும்போது இருவரையும் பிரித்துக் காட்டும் பொறுப்பில் பெரும்பகுதி உடை, முடி, நடை ஆகியவற்றின் மேல்தான் விழும். அதுவும் கறுப்பு வெள்ளையில் நிறத்தின் உதவி கிடையாது, அடர்த்தியும் வெளிறலும் மட்டுமே கருவிகள். அதே நிறுவனம் 1956-ல், தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' படத்தை கேவா கலரில் வெளியிட்டபோது, உடையைப் பற்றிய கணக்கு முழுவதும் மாறியது. அதுவரை சாம்பல் நிறமாகப் பதிவான சிவப்பு இனி சிவப்பாகவே தெரியும். பக்கத்தில் நிற்பவரின் பச்சையோடு அது சண்டை போடும்.

இரண்டாம் படி: பிரதியைப் பிரித்தெழுதுதல்

பிரதியை முதல்முறை கதைக்காகப் படிக்கலாம். இரண்டாம் முறை பென்சிலோடு உட்கார்ந்து, காட்சி எண், கதை நாள், நேரம், இடம், பாத்திரம், உடை, அணிகலன், உடம்பில் நேரும் மாற்றம் என்று கட்டம் போட்டு நிரப்ப வேண்டும். இவற்றில் புதியவர்கள் தவறவிடுவது கதை நாளைத்தான். நான்காம், ஐந்தாம், ஒன்பதாம் காட்சிகள் ஒரே நாளில் நடந்தால் மூன்றிலும் ஒரே உடைதான் இருக்கும். படப்பிடிப்பு மூன்று வெவ்வேறு வாரங்களில் நடந்தாலும் அப்படித்தான். மழை, சேறு, இரத்தம் வரும் காட்சிகளுக்கு ஒரே உடையில் இரண்டு அல்லது மூன்று பிரதிகள் வேண்டும் என்பதையும் இந்தக் கட்டத்திலேயே குறித்துவிட்டால் செலவுக் கணக்கு பின்னால் உதைக்காது.

அடுத்து, பாத்திரத்தின் மாற்றத்தைச் சுமக்கப்போகும் ஒரு பொருளைத் தேர்ந்துகொள்ளலாம். நம் கதையில் அது கோட்டு. மலைக்குக் கிளம்பும் நாளில் மகன் வேட்டியின் மேல் இரவல் கோட்டு போட்டிருக்கிறான். தோள் சரிந்து, கை விரல்வரை இறங்குகிறது. தோட்டத்தில் ஆறு மாதம் கழித்து அவனுக்கென்றே தைத்த கோட்டு, பையில் பேனா. வீடு திரும்பும்போது அந்தக் கோட்டு கையில் மடித்துத் தொங்குகிறது. அப்பனின் தறிக்குழிக்கு முன்னால் அதைப் போட்டுக்கொண்டு நிற்க அவனுக்குக் கூச்சமாக இருக்கிறது. இதற்கு ஒரு வரி வசனமும் தேவையில்லை. எல்லாப் பாத்திரத்துக்கும் இப்படி ஒரு பொருளைத் தேடிப்போனால் நாடகம் பொருட்காட்சியாகிவிடும்; முதன்மைப் பாத்திரம் ஒருவருக்கு மட்டும் செய்வது நல்லது.

மூன்றாம் படி: காலத்தையும் இடத்தையும் ஆராய்தல்

இந்தப் படியில் எவ்வளவு நேரம் செலவழித்தாலும் வீணில்லை. வீட்டுப் பழைய கல்யாணப் படங்கள், பள்ளிக்கூடக் குழுப்படங்கள், அக்கால வார இதழ்களின் விளம்பரங்கள் ஆகியவை முதல் ஆதாரம். சினிமாவைப் பார்த்து சினிமாவுக்கு உடை அமைப்பது, நகலின் நகலாகவே முடியும்.

1955 என்றால் டெரிலின் சட்டை கூடாது. செயற்கை இழைச் சட்டை நம்மூரில் பரவியது 60-களில்தான். ரப்பர் ஹவாய் செருப்பும் அப்படியே. பெண்களின் சேலைக்கட்டில் பின்கொசுவம் இருக்கலாம். வயதான பெண்கள் பலர் ரவிக்கை அணியாத காலம் அது. தோட்டத்துத் துரைக்குக் காக்கி அரைக்கால் சட்டையும் நெட்டித் தொப்பியும் பொருந்தும். கூலியாட்கள் மழைக்குச் சாக்கை ஒரு மூலை உள்மடித்துக் கொங்காணியாகப் போட்டுக்கொள்வார்கள். சேர்வராயன் மலையின் பழங்குடிகளான மலையாளி மக்களை (கேரளத்தவர் அல்லர்) காட்ட நேர்ந்தால், இலை தழை, பறவை இறகு, பாசிமணி என்று சினிமாப் பழங்குடி வேஷம் போடுவதை அறவே தவிர்க்க வேண்டும். அவர்கள் தமிழ் பேசும் உழவர்கள். வேட்டி, துண்டு, சேலை, கம்பளி ஆகியவற்றோடுதான் அந்த மலையில் வாழ்ந்திருக்கிறார்கள்.

பின்னணியில் காலத்தைக் காட்டிக்கொடுப்பது எழுத்து. எழுத்துச் சீர்திருத்தம் 1978-ல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய கதையில் 'விலை', 'சாலை', 'ஆலை' என்று எழுதும் பலகைகளில் 'லை' துதிக்கை போல் வளைந்த பழைய கொம்போடுதான் இருக்க வேண்டும். 'ணை', 'னை', 'ளை' ஆகியவற்றுக்கும், 'ணா', 'றா', 'னா' ஆகியவற்றின் பழைய சுழிக்கும் இது பொருந்தும். நயா பைசா 1957 ஏப்ரல் 1-ல் வந்தது. ஆகவே கதையின் முதல் பாதியில் டீக்கடை விலைப்பலகை அணாவில் இருக்கும், மகன் திரும்பி வரும்போது அதே பலகையில் நயா பைசா ஏறியிருக்கலாம். இரண்டு ஆண்டு கடந்ததைச் சொல்ல இதைவிட மலிவான வழி இல்லை. அஞ்சல் குறியீட்டு எண் 1972-ல்தான் அறிமுகமானது, 'தமிழ்நாடு' என்ற பெயர் மாநிலத்துக்கு 1969 ஜனவரியில் வந்தது, தருமபுரி 1965 வரை சேலம் ஜில்லாவின் பகுதி. பலகை எழுதுபவரிடம் இந்த மூன்றையும் தாளில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். வாயால் சொன்னால் அவர் பழக்கத்தில் மாவட்டம் என்றே எழுதிவிடுவார்.

நான்காம் படி: வண்ணத் திட்டம்

உடையமைப்பாளரும் கலை இயக்குநரும் தனித்தனியே வேலை செய்து, படப்பிடிப்பன்று முதல்முறையாகச் சந்தித்துக்கொண்டால், நீலச் சுவருக்கு முன்னால் நீலச் சேலை வந்து நிற்கும். இருவரும் ஒரே அட்டையில் வேலை செய்ய வேண்டும். அட்டையின் மேல்பாதியில் சுவர், தரை, கதவு, மரச்சாமான் ஆகியவற்றின் நிறத் துண்டுகளையும், கீழ்ப்பாதியில் ஒவ்வொரு பாத்திரத்தின் துணித் துண்டுகளையும் ஒட்டி, காட்சிவாரியாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

நம் கதையில் அம்மாப்பேட்டை வீட்டுக்குச் சுண்ணாம்பு வெள்ளை, காவி, மரத்தின் பழுப்பு ஆகியவையும், அவற்றின் நடுவே தறியில் ஏறியிருக்கும் பாவின் அரக்கு நிறமும் இருக்கட்டும். குழித்தறியில் நெய்பவர் தரைமட்டத்தில் உட்காருவதால் கேமராவும் தாழ்ந்தே இருக்கும். அப்போது கூரையும் பாவு நூலும்தான் கேமராவின் காட்சிச் சட்டத்தை நிறைக்கும் என்பதையும் அட்டையில் குறித்துக்கொள்ள வேண்டும். பட்டு நெய்யும் வீடு என்பதற்காக வீட்டாரைப் பட்டில் சுற்றிவிடுவது நகைப்புக்கிடமான பிழை. அங்கே பட்டு தறியில் இருக்கும், உடம்பில் முரட்டுப் பருத்தி இருக்கும். கதையின் வலியே அந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

திட்டம் முடிந்ததும் அட்டையைக் கைப்பேசியில் படமெடுத்து, கறுப்பு வெள்ளைக்கு மாற்றிப் பார்க்கலாம். அழகாகப் பிரிந்து நிற்பதாக நினைத்த சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பலாகிவிட்டால், மங்கிய வெளிச்சக் காட்சிகளில் இரண்டு நடிகர்களும் ஒருவரோடொருவர் கரைந்துவிடுவார்கள் என்று பொருள். ஒன்றை அடர்த்தியாகவோ மற்றதை வெளிறலாகவோ மாற்ற வேண்டும்.

ஐந்தாம் படி: துணியும் அணியும் திரட்டுதல்

சேலத்தில் இருப்பவர்களுக்கு இது பெரிய சிரமமில்லை. அம்மாப்பேட்டை, குகை நெசவாளர்களிடம் நேரடியாகக் கேட்டால், கடையில் கிடைக்காத பழைய கரை மாதிரிகளின் நினைவாவது கிடைக்கும். புவிசார் குறியீடு பெற்ற சேலம் வெண்பட்டு வேட்டி திருமணக் காட்சிக்கு உகந்தது. ஆனால் அதன் பளபளப்பு விளக்கை நேராகக் கண்ணில் அடிக்கும் என்பதால் விளக்கமைப்பாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இளம்பிள்ளைச் சேலைகள் இன்றைய கதைக்கு மிகவும் ஏற்றவை, 1955-க்கு அவற்றின் நிறங்கள் தூக்கலாக இருக்கும். மொத்தமாகக் காடாவும் மல் துணியும் வாங்க ஈரோட்டு ஜவுளிச் சந்தை இருக்கிறது. பழந்துணிக்குப் பாத்திரம் கொடுக்கும் வியாபாரிகளின் மூட்டையை ஒருமுறை பிரித்துப் பார்ப்பதைப் பலமாகச் சிபாரிசு செய்வேன்: உண்மையிலேயே உடுத்தித் தேய்ந்த துணியை எந்தத் தையல்காரரும் உருவாக்கித் தர முடியாது.

பருத்தி என்று சொல்லி விற்பது பருத்திதானா என்பதை அறிய, ஓரத்து நூலை உருவித் தீயில் காட்டலாம். பருத்தி காகிதம் எரியும் வாசனையோடு எரிந்து சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிக் கருமணியாகச் சுருளும். வெள்ளிக் கொலுசுக்குச் செவ்வாய்ப்பேட்டை இருக்கிறது. ஆனால் நேரடி ஒலிப்பதிவு என்றால் முத்துப் பரல் உள்ள கொலுசு ஒவ்வொரு வசனத்தின் மேலும் ஏறிப் பேசும். பரலில்லாத கொலுசை அணிவித்து, ஓசையைத் தனியே பதிந்து சேர்ப்பது நல்லது.

ஆறாம் படி: புதுமையைப் போக்குதல்

உடை பொய் சொல்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். மடிப்புக் கலையாத புதுச் சட்டையில் புழுதியை அள்ளிப் பூசி ஏழையாக்கும் வழக்கத்தைத் திரையில் அடிக்கடி பார்க்கிறோம். அழுக்கும் பழமையும் வெவ்வேறு. ஏழை வீட்டுச் சட்டை பழையதாக இருக்கும், ஆனால் துவைத்துச் சுத்தமாக இருக்கும்.

கணக்குப்பிள்ளையின் வெள்ளைச் சட்டையையே எடுத்துக்கொள்வோம். முதலில் கஞ்சி போகும்வரை சோடா உப்பில் நாலைந்து முறை துவைத்து, கல்லில் அடித்து, நல்ல வெயிலில் காயவைக்க வேண்டும். பிறகு வெண்மையைக் குறைக்க வேண்டும். தூய வெள்ளை, கேமராவில் விவரமில்லாத வெளுத்த திட்டாகிவிடும். பத்து லிட்டர் கொதிநீரில் நூறு கிராம் தேயிலைத் தூளைத் துணிமூட்டையாகக் கட்டிப் போட்டு, சாயம் இறங்கியதும் மூட்டையை எடுத்துவிட்டு ஒரு கை உப்புச் சேர்த்து, முன்பே தண்ணீரில் நனைத்துப் பிழிந்த சட்டையை அமிழ்த்தலாம். உலர்ந்த துணியை நேராக அமிழ்த்தினால் திட்டுத் திட்டாகப் பிடிக்கும். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஓரத்தைத் தூக்கிப் பார்த்து, வேண்டிய நிறத்தைவிட ஒரு சாயல் அடர்த்தியாக இருக்கும்போதே எடுக்க வேண்டும், ஏனெனில் காய்ந்ததும் வெளிறும். காப்பித் தோட்டத்துக் கதைக்குக் காப்பி டிகாஷனே பொருத்தம் என்று தோன்றலாம். அதுவும் நிறம் பிடிக்கும், ஆனால் தேயிலையளவு துவைப்புக்கு நிற்காது.

இனித் தேய்மானம். உடுத்துபவரின் வேலை எந்த இடத்தைத் தேய்க்கும் என்று யோசித்து, அங்கே மட்டும் உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். கணக்கெழுதுபவனுக்கு வலது முழங்கைக்குக் கீழும் மணிக்கட்டும் மேசையில் உரசும். கழுத்துப்பட்டையின் உள்மடிப்பு வியர்வையில் மஞ்சளாகும். பேனாப் பையின் அடியில் மைப் பொட்டு இருக்கும். மலைப்பாதையில் நடக்கும் வேட்டியின் கீழ்க்கரை செம்மண் ஏறி, எத்தனை துவைத்தாலும் போகாத இளஞ்சிவப்பாகும். அந்தச் செம்மண்ணையே கரைத்து, கரையை மட்டும் தோய்த்துக் காயவைத்துத் துவைத்தால் போதும். தறியில் உட்காரும் அப்பனுக்கோ வேட்டியின் பின்பக்கம்தான் முதலில் நைந்துபோகும். காப்பிப் பழம் பறிப்பவருக்கு இடுப்பில் கட்டிய சாக்கு உரசுமிடத்தில் சேலை மெலியும். மேடைக்கு இவ்வளவும் தேவையில்லை. வண்ணத் தெளிப்பானில் இரண்டு மூன்று பெரிய நிழல்கள் போட்டாலே கடைசி வரிசைக்கு எட்டிவிடும்.

பழைய காலம் என்பதற்காக எல்லாவற்றையும் பழுப்பாக்கும் இன்றைய பழக்கம் எனக்கு உடன்பாடில்லை. 1955-லும் தீபாவளிச் சட்டை புதிதாகத்தான் இருந்திருக்கும். அந்த ஒரு காட்சியில் ஜவ்வரிசிக் கஞ்சி போட்டு மொடமொடவென்று இஸ்திரி செய்த சட்டை வந்தால்தான் மற்ற நாட்களின் பழமைக்கே பொருள் கிடைக்கும்.

ஏழாம் படி: வெளிச்சத்தில் சோதித்தல்

முழு உடை, முழு ஒப்பனையோடு நடிகரை நிற்கவைத்து, உண்மையான விளக்கிலும் உண்மையான கேமராவிலும் பார்த்தே தீர வேண்டும். நீல வண்ண விளக்கில் சிவப்பு கறுப்பாகிவிடும். ஆகவே இரவுக் காட்சியில் தாயின் அரக்குச் சேலை காணாமல் போகலாம். பழைய மஞ்சள் தெருவிளக்கின் கீழ் எந்த நிறமும் நிறமாக இருக்காது. மலிவான எல்.இ.டி. விளக்குகள் தோலையே பச்சை பூக்கச் செய்கின்றன. நெருக்கமான சிறு கட்டமும் மெல்லிய கோடும் உள்ள சட்டைகள் டிஜிட்டல் கேமராவில் அலையலையாக நெளியும். ஒரு நொடி பார்த்தாலே தெரிந்துவிடும், அந்தச் சட்டையை மாற்றுவதைத் தவிர வேறு வைத்தியம் இல்லை.

ஏற்காட்டில் எடுப்பவர்களுக்குத் தனிச் சோதனை உண்டு. ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் பனிமூட்டம் நினைத்தபோது வரும், நினைத்தபோது போகும். மூட்டத்தில் நிறங்கள் வெளிறி, வெள்ளை வேட்டி கட்டியவர் இருபதடி தூரத்திலேயே கரைந்துபோவார். மகன் மலையில் தொலைந்துபோகும் உணர்வு வேண்டுமானால் அதுவே வரம். அவன் தெரிய வேண்டுமானால் தோளில் அடர்நிறக் கம்பளி வேண்டும். சில்வர் ஓக் மரங்களின் கீழே காப்பிச் செடிகளுக்கு நடுவில் வெளிச்சம் பச்சை கலந்தே விழுகிறது. அங்கே பாசிப் பச்சையும் மங்கிய பழுப்பும் செடியோடு செடியாக மறையும், மஞ்சளும் செங்கல் நிறமும் நிற்கும். நனைந்த உடை அங்கே ஒரு நாளில் காயாது என்பதால், இரண்டாம் பிரதியோடு இஸ்திரிப் பெட்டியையும் கட்டாயம் மலைக்கு ஏற்ற வேண்டும். மறந்துவிட்டால் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி ஏற ஒருவரை அனுப்ப வேண்டியிருக்கும்.

எட்டாம் படி: களத்தில்

திரையில் தொடர்ச்சியைக் காப்பதே முழுநேர வேலை. ஒவ்வொரு காட்சியும் முடிந்தவுடன் நடிகரை முன், பின், பக்கம் எனப் படமெடுத்து, காட்சி எண்ணும் கதை நாளும் எழுதிய சீட்டோடு சேமிக்க வேண்டும். சட்டைக் கை எத்தனை மடிப்பு, துண்டு எந்தத் தோள், பொட்டு எவ்வளவு பெரிது என்பவையே வழுக்கும் இடங்கள்.

மேடையில் அவசரம் வேறு வகை. இரண்டு நிமிடத்தில் உடை மாற்ற வேண்டுமானால் அடுத்த உடையை அடியிலேயே உடுத்தியிருக்கலாம். பொத்தானை வெளியே தைத்துவிட்டு, உள்ளே பிரஸ் பட்டனோ வெல்க்ரோவோ வைக்கலாம். வெல்க்ரோ பிரியும் சத்தம் பக்கத்திரைக்கு வெளியே கேட்கும் என்பதால் அமைதியான காட்சியின்போது அதைத் தவிர்க்க வேண்டும். வேட்டி, சேலை ஆகியவற்றை ஊக்கை நம்பி விடாமல் இடுப்புப்பட்டி வைத்துத் தைத்துவிடுவது நடிகருக்குப் பாதி பயத்தைக் குறைக்கும். ஒத்திகையின் கடைசி மூன்று நாட்களாவது முழு உடையில் நடக்க வேண்டும்: சரிந்த கோட்டோடு நடந்து பழகாத நடிகர், மேடையில் அதை ஒவ்வொரு நிமிடமும் இழுத்து விட்டுக்கொண்டிருப்பார்.

முடிந்த பின், வாடகை நகைகளைப் பட்டியலோடு சரிபார்த்துத் திருப்பி, துணிகளைத் துவைத்து நன்றாகக் காயவைத்து, பாத்திரத்தின் பெயர் எழுதிய காடாப் பைகளில் போட வேண்டும். பிளாஸ்டிக் உறையில் கட்டினால் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். வெண்பட்டை மட்டும் தனியாக மல் துணியில் சுற்றி, சில மாதங்களுக்கு ஒருமுறை மடிப்பை மாற்றி வைக்க வேண்டும், இல்லையேல் மடித்த கோட்டிலேயே இழை விட்டுப்போகும்.